அயலவனுக்கு இருந்த உரிமை

அயலுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தால், குடிபூரலன்று பால் காய்ச்சி, பலகாரத் தட்டை வேலிப் பொட்டால் நீட்டுவது யாழ்ப்பாணத்தார் அறிந்த வழக்கம். ஆனால் நேயர்களே, இங்கே அயலுறவு பாலும் பலகாரமுமாக மட்டும் இருந்ததில்லை. ஒரு காலத்தில் அது சட்டத்திலும் எழுதப்பட்டிருந்தது.

ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்தின் திசாவையாகவிருந்த கிளாஸ் ஐசாக்ஸ், இந்நாட்டு வழக்கங்களைத் திரட்டி 1707ஆம் ஆண்டில் ஒப்படைத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதனைப் பார்த்துச் சரியென்றனர். அதுவே தேசவழமை. அதன்படி, காணி விற்க விரும்பியவர் தாம் நினைத்தவருக்கு விற்றுவிட முடியாது. உரித்தாளருக்கும், பங்காளருக்கும், அக்காணியை ஈடு பிடித்திருக்கும் எல்லைக் காணிக்காரருக்கும் முதலில் அறிவிக்க வேண்டும். அவர்கள் வேண்டாமென்ற பின்னரே பிறருக்கு. ஒல்லாந்தர் இவ்வறிவித்தலை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேவாலயத்தில் வாசிக்கச் செய்தார்கள். வீட்டிலே சைவராயிருந்தவரும் காணிச் செய்திக்காகத் தேவாலயப் பக்கம் காதைத் திருப்ப வேண்டியிருந்தது!

ஆகவே, புதிதாகக் குடிவந்தவர் பெரும்பாலும் அயலவர் அறிந்து, மறுக்காமல் விட்டவராகவே இருந்தார். வரவேற்பு சுலபமாயிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். இதே வழக்கம் அந்நியரையும், சாதியில் வேறானவரையும் ஊருக்கு வெளியே நிறுத்தவும் உதவியிருக்கும் என்பதை மறைத்துவிட்டுப் பழைமையைப் புகழ்வது நேர்மையாகாது.

1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், முதலில் வாங்கும் உரிமையைப் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் என மட்டுப்படுத்தியது. எல்லைக் காணிக்காரரின் உரிமை அத்துடன் போயிற்று.

சட்டம் கைவிட்ட உறவை வேலி சில காலம் தாங்கிற்று. கிளுவை, பூவரசங் கதியால் நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டிய வேலி அது. அதனை அடைக்கத் தனியாள் போதாது. இப்புறமிருந்து குத்தூசியைக் குத்தினால், அப்புறம் நிற்பவர் கயிற்றைக் கோத்துத் திருப்பிவிட வேண்டும். கதியால் ஒரு சாண் தள்ளி நடப்பட்டதென்று நீதிமன்றம் வரை போனவர்களும் இவர்களே. வழக்கு நடக்கும்போதும் பொட்டால் பிள்ளைகள் போய்வந்த வீடுகள் உண்டு. பின்னர் சீமெந்து மதில் வந்தது. அதற்கு அயலவரின் கை தேவைப்படவில்லை. பொட்டும் இல்லாமற் போயிற்று.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். அன்று எவரும் முன்னறிவித்தல் கொடுத்து வரவில்லை. ஒரு குடும்பம் இருந்த வீட்டில் பல குடும்பங்கள் சேர்ந்தன. விறாந்தையும் மாட்டுக் கொட்டிலும் குடியிருப்பாயின. முற்றத்தில் அடுப்புகள் பெருகின. எல்லாக் கிணறுகளும் எல்லாருக்கும் திறந்திருந்தன என்று சொல்வதற்கில்லை. ஆயினும், முன்பின் அறியாதவருக்குப் படலையைத் திறந்துவிட்ட வீட்டுக்காரர்கள் ஏராளம். 1996 ஏப்ரல் தொடக்கம் வலிகாமத்தார் ஊர் திரும்பியபோது, அடுத்த பயணத்தில் எடுப்போமென்று தட்டுமுட்டுச் சாமான்களை அந்த வீடுகளிலேயே வைத்துவிட்டுப் போனவர்கள் பலர்.