சேற்றைத் திறந்த கதை

1990களின் தொடக்கத்தில் கீழத்தஞ்சைக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகியபோது மூண்ட போராட்டத்தில் உப்புதான் முன்னே நின்றது. வயல் உவர்ந்தது, குடிநீர்க் கிணறு கரித்தது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் பாரம்பரிய முறைப் பண்ணைகளைத் தவிர மற்றவற்றை அகற்றுமாறு 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், பதிவு பெற்ற பண்ணைகளுக்கு மறுபடி வழி விட்டது. உப்பைப் பற்றிய அந்தக் கவலை முழுக்க நியாயமானது. ஆனால் அதன் மறைவில் அமிலமும் அது கரைத்துவிடும் உலோகங்களும் போதிய கவனம் பெறாமல் போயின. வளர்ப்பு மீனின் உடலில் உலோகம் சேர்வதற்கு ஆலைக் கழிவு மட்டுமே காரணம் அல்ல. சேற்றை நாம் எப்படிக் கையாள்கிறோம் என்பதும் அதைத் தீர்மானிக்கிறது.

நீடாமங்கலத்தருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரியும் கோரையாறும் பாமணியாறும் அதே கடலோரத்து முத்துப்பேட்டைக் காயலில் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. வண்டலில் இரும்பு இருக்கிறது. கடல்நீரில் சல்பேட் இருக்கிறது. அலையாத்தி மரங்கள் உதிர்க்கும் இலை அதோடு மட்குகிறது. காற்றுப் புகாத இத்தகைய சேற்றில் நுண்ணுயிர்கள் இவற்றைக் கொண்டு இரும்புச் சல்பைடை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றமும் கருநிறமும் அதன் அடையாளம். காட்மியம், செம்பு, துத்தநாகம் எல்லாம் அந்தச் சல்பைடோடு பிணைந்து அடங்கிக் கிடக்கும். நீருக்கடியில் இருக்கும்வரை தொல்லை இல்லை. அதையே வெட்டியெடுத்துக் கரையாகக் குவித்தால், காற்றுப் பட்டு கந்தக அமிலம் உண்டாகிறது. கரையில் துருநிறமும் வெளிர்மஞ்சள் திட்டுகளும் தென்படும். அடுத்த மழையில் அமிலமும் உலோகமும் சேர்ந்தே குட்டைக்குள் வழியும். அலுமினியமும் இரும்பும் மீனின் செவுளில் படிந்து மூச்சை அடைக்கும். காட்மியம் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் தங்கும். குட்டநாட்டின் கரி நிலங்களில் இந்த அமிலத்தோடு உழவர்கள் தலைமுறைகளாகச் சுண்ணாம்பு இட்டுப் போராடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்றில் 1987-இல் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்ததற்கும் வடிகால் வெட்டித் திறந்த இவ்வகை மண்ணே காரணம்.

முத்துப்பேட்டையில் சேற்றைத் திறந்த கதை இறாலோடு தொடங்கவில்லை. 1937-இல் காப்புக் காடாக அறிவிக்கப்பட்ட இந்த அலையாத்திக் காடு கூறு கூறாக மொத்தமாய் வெட்டப்பட்டது. மரம் போன இடத்தில் ஈரம் ஆவியாகித் தரை தொட்டிபோல் தாழ்ந்தது. உள்ளே புகுந்த கடல்நீர் திரும்ப வழியின்றி உப்பேறி, செடி முளைக்காத வெற்றுத் தரையாயிற்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஏற்றநீரை உள்ளே விட்ட பிறகுதான் அங்கே மரம் திரும்பியது. காயலிலிருந்து சேற்றுநிலத்துக்குள் வாய்க்கால் வெட்டி, நீரோடு ஏறிவரும் மடவை, கொடுவா, இறாலைப் பிடிக்கும் முறை இவ்வூர் மீனவர்களுக்கு முன்பிருந்தே உண்டு. அவர்களும் சேற்றை வெட்டியவர்கள்தானே என்று கேட்கலாம். வெட்டினார்கள்தான். ஆனால் வாய்க்காலில் நீர் வந்து போய்க்கொண்டே இருக்கிறது. பண்ணைக் குட்டையோ நீரைக் கரைக்குள் அடைத்து வைக்கிறது. அறுவடை முடிந்ததும் அடிமண்ணை வெடிக்கும்வரை வெயிலில் காயப்போடுகிறது.

கடல்நீர் காரத்தன்மை உள்ளது, கிளிஞ்சல் சுண்ணாம்பும் கிடக்கிறது, இங்கே அமிலம் எப்படி நிற்கும் என்பது வலுவான மறுப்பு. காயலைப் பொறுத்தவரை அதை ஏற்கிறேன். ஆனால் இக்கடற்கரையில் கடல்நீரின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. கரை போட்டுத் துண்டித்த குட்டைக்குக் கடலின் அந்தக் காப்பு எட்டாது. ஐப்பசி மழையில் உப்பு குறைந்து நீர் மென்மையாகும்போது மீன் உலோகத்தை இன்னும் எளிதாக உறிஞ்சும். ஆலையே இல்லாத ஊரில் உலோகம் ஏது என்று கேட்பவர்கள், நொய்யலின் சாயக்கழிவும் காவிரியில்தான் கலந்தது என்பதை எண்ண வேண்டும். அருகில் ஆலை எதுவும் இல்லாத ஸ்வீடன் ஏரிகளிலும், காற்றில் வந்திறங்கிய பாதரசம் அமில நீரில் வாழ்ந்த மீன்களில் மிகுதியாகச் சேர்ந்தது.

உலோகம் செவுளிலும் ஈரலிலும்தானே தங்குகிறது, சதையில் இல்லையே என்பது இன்னொரு சமாதானம். செவுளைக் கிள்ளி, குடலை உருவி, மண்சட்டியில் உரசிக் கழுவும் நம் வழக்கம் பெரும்பகுதியை நீக்கிவிடுகிறது என்பது மெய்தான். ஆனால் பாதரசம் சதையிலேயே தங்கும். இறாலின் தலையையும் நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் கொழுப்பையும் விரும்பி உண்பவர்களுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. உலோகம் அதிகம் சேரும் உறுப்பு அங்கேதான் இருக்கிறது. ஆகவே குட்டை வெட்ட அனுமதி தரும் முன் அடிமண்ணின் சல்பைடையும், கைவிட்ட பண்ணைகளில் மறுபடி மீன் விடும் முன் பருவமழையின் முதல் நீரில் அமிலத்தையும் காட்மியத்தையும் அளந்து, அந்தக் கணக்கை ஊராட்சி அலுவலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.