நிலா வெளிச்சத்தை நம்பிய கப்பல்

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு கேள்வி வந்திருந்தது. "பாய்மரப் படகுல சமுத்திரம் தாண்டுறவங்க இன்னைக்கும் பௌர்ணமி எப்பன்னு பார்த்துத்தான் கிளம்புறாங்களாமே? ஜிபிஎஸ் இருக்கும்போது எதுக்கு?"

பலர் பார்க்கத்தான் செய்கிறார்கள். நள்ளிரவில் தனியாகக் காவல் இருப்பவருக்குத் தொடுவானம் தெரியணும், பாய் தெரியணும், திடீர்னு திரண்டு வரும் மழைமேகம் தெரியணும். வளர்பிறையில் சூரியன் மறையும்போதே நிலா வானத்தில் இருக்கும். பௌர்ணமிக்குப் பிறகு தினமும் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். அதனால் அமாவாசை முடிந்து நாலைந்து நாளில் கிளம்பினால், அடுத்த பத்து நாளைக்கு முன்னிரவு வெளிச்சம் உறுதி, மேகம் மட்டும் மறைக்காமல் இருந்தால்.

ஆனா இந்த வெளிச்சம் ஒரு கெட்டிக்கார மாலுமியையே ஏமாற்றியிருக்கு. அவர் ஜேம்ஸ் குக்.

1770 ஜூன் 11. எண்டெவர் கப்பல் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரம் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பௌர்ணமி கழிந்து சில நாள்தான். நல்ல காற்று, தெளிந்த நிலவு. நங்கூரம் போடாமல் இரவிலும் போகலாம் என்று குக் முடிவு செய்ததற்கு இந்த இரண்டும் காரணம்.

அவர் அசட்டையாக இல்லை. கரையை விட்டு விலகித்தான் போனார். ஈயக்குண்டு போட்டு ஆழம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 21 பாகம் இருந்த ஆழம் திடீரென்று 8 பாகமாகக் குறைந்தது. ஒரு பாகம்னா 6 அடி. நங்கூரம் போடத் தயாரானார்கள். அதற்குள் மறுபடி ஆழம் கூடியது. சரி, ஆபத்து தாண்டிடுச்சு என்று நினைத்தார்கள். தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் தூங்கப் போய்விட்டார். 11 மணிக்குச் சற்று முன்பு 17 பாகம் காட்டியது. அடுத்த முறை குண்டு போடுவதற்குள் கப்பல் பவளப்பாறையில் மோதி நின்றது.

அவ்வளவு நிலவு இருந்தும் ஏன் தெரியலை? பவளப்பாறையைக் காட்டிக்கொடுப்பது தண்ணீரின் நிறம். அது தெரிய, சூரியன் உச்சியில், நமக்குப் பின்பக்கம் இருக்கணும். நிலவொளியில் மேற்பரப்பின் மினுமினுப்புதான் தெரியும். அடியில் இருப்பது தெரியாது.

நிலா இன்னொரு வகையிலும் மாட்டிவிட்டது. கப்பல் மோதியது கடல் ஏற்றத்தின் உச்சத்தில். பௌர்ணமியை ஒட்டித்தான் ஏற்றம் அதிகம், பிறகு நாளுக்கு நாள் குறையும். தண்ணீர் வற்றினால் கப்பல் பாறைமேல் உட்கார்ந்துவிடும். பீரங்கி, பாரக்கல், பீப்பாய் என்று 40, 50 டன் சரக்கைக் கடலில் வீசினார்கள். மறுநாள் காலை ஏற்றத்தில் கப்பல் மிதக்க ஒன்றரை அடி தண்ணீர் போதவில்லை. எல்லாரையும் ஏற்றிக் கரைசேர்க்கப் படகுகளில் இடமில்லை. அன்றிரவு ஏற்றம் காலையைவிட உயர்ந்து வந்ததால்தான், சுமார் 23 மணி நேரத்துக்குப் பிறகு கப்பல் மிதந்தது. ஓட்டையில் உடைந்து சிக்கியிருந்த ஒரு பவளத் துண்டே தண்ணீரைப் பாதி அடைத்திருந்தது! பழுதுபார்க்க ஓர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஏழு வாரம் தங்க வேண்டியிருந்தது. கடலில் வீசிய பீரங்கிகள் 1969-ல்தான் கண்டெடுக்கப்பட்டன.

இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அன்று கும்மிருட்டாக இருந்திருந்தால் குக் ஒருவேளை நங்கூரம் போட்டிருப்பார்.

ஆக, கேள்வி கேட்ட நண்பருக்கு என் பதில்: ஆழ்கடல் இரவுகளுக்கு நிலவைக் கணக்கில் வைத்துக் கிளம்புவது நல்லதுதான். ஆனா பாறை இருக்கும் கரையை நெருங்கும் நாளுக்கு மட்டும் சூரியனைப் பார்த்துத் திட்டம் போடணும். இரவில் போய்ச் சேர்ந்துட்டா, எவ்வளவு நிலவு இருந்தாலும் விடியும்வரை வெளியிலேயே காத்திருக்கணும்.