கலிப்பொலிக்குப் போன துரை, ஐராவதிக்குப் போன தொழிலாளி

சாதாரணச் சிப்பாய் என்றதும் மனதில் ஓர் உருவம் வந்து நிற்கும். ஏழை வீட்டுப் பிள்ளை, பிழைக்க வேறு வழியில்லாமல் பட்டாளத்தில் சேர்ந்தவன், சொன்னதைச் செய்பவன். நாவலப்பிட்டிப் பக்கத்துப் போர்க்கதையை இந்த உருவத்தோடு படிக்கப் புகுந்தால் தொடக்கத்திலேயே இடறும். முதலாம் உலகப் போருக்கு இலங்கை மலையகத்திலிருந்து அணியாகக் கிளம்பிப்போன சிப்பாய்கள் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார். இரண்டாம் உலகப் போரிலோ, இங்குள்ள தோட்ட லயத்து மக்களின் சொந்தபந்தங்கள் மலாயாவில் துப்பாக்கி தூக்கினார்கள், அதே துரைமாரின் அரசுக்கு எதிராக.

ஒருவர் விசுவாசி, மற்றவர் கலகக்காரர் என்று சீட்டு ஒட்டிவிட்டு இந்த இருவரையும் பற்றிய பேச்சை முடித்துவிடலாம். அப்படி முடித்தவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் ருசி இல்லை. சிப்பாய் உடுப்பு இந்த இருவரையும் எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு நகர்த்தியது, பிறகு அவர்களின் பெயரை யார் எழுதி வைத்தார்கள் என்று பார்த்தால் கதை வேறாகத் தெரிகிறது.

துரையிலிருந்து தொடங்குவோம். கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு 1900இல் உருவானது தோட்டத் துரைமாரின் ரைபிள் படை. தொண்டர் படைதான், ஆனால் ஐரோப்பியர் மட்டுமே சேரலாம். வார நாளில் தேயிலைக் காட்டில் வேலை பார்க்கும் பெரியதுரையும் சின்னத்துரையும் ஓய்வு நேரத்தில் குறிபார்த்துச் சுடப் பழகினார்கள், ஆண்டுக்கொரு முறை தியத்தலாவை முகாமில் கூடினார்கள். 1914 ஒக்டோபர் இறுதியில் இப்படையிலிருந்து 8 அதிகாரிகளும் 229 ஏனைய தரத்தினரும் மேஜர் ஹோல் பிரவுண் தலைமையில் கொழும்பில் 'வூஸ்டர்ஷயர்' என்ற கப்பல் ஏறினார்கள். எகிப்து போய், அங்கே அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளோடு இணைக்கப்பட்டார்கள். 1915 ஏப்ரல் 25இல் துருக்கியின் கலிப்பொலிக் கரையில் அப்படைகள் இறங்கியபோது, தளபதி பேர்ட்வுட்டின் மெய்க்காவலர்களாக இலங்கைத் துரைமாரும் இறங்கினார்கள்.

அந்த 229 பேரும் படைக் கணக்கில் அதிகாரி அல்லாதவர்கள், சிப்பாய் வரிசை. முந்தின மாதம்வரை அவர்கள் வந்தால் பிரட்டுக்களமே எழுந்து நிற்கும். கணக்கப்பிள்ளை குடையை மடக்குவார், கங்காணி தலைப்பாகையைச் சரிசெய்வார். குளிப்பதற்குச் சுடுதண்ணீர் வைத்துக்கொடுக்க ஒருவர், சப்பாத்துத் துடைக்க ஒருவர், சமைக்க ஒருவர் என்று பங்களாவில் ஆட்கள். கலிப்பொலிச் சரிவிலே குடிதண்ணீருக்கே அளவு. மேலே துருக்கியரின் பீரங்கி, கீழே கடல், நடுவில் ஈயும் வயிற்றோட்டமும். இறக்கம்தான், சந்தேகமில்லை. ஆனால் தாமாக விரும்பி இறங்கியது, கொஞ்சக் காலத்துக்கு மட்டுமே. படித்த குடும்பத்துப் பிள்ளைகள் என்பதால் அவர்களில் பெரும்பகுதியினரைப் படைத்துறை சீக்கிரமே அதிகாரிகளாக எடுத்துக்கொண்டது. பிரித்தானியப் படைப்பிரிவுகளுக்கும் இந்தியப் படைப்பிரிவுகளுக்கும் லெப்டினன்ட்டுகளாகப் பிரிந்து போனார்கள். ஏணியின் அடிப்படியில் கால் வைத்தது மேலே ஏறுவதற்குத்தான். அதற்காக அவர்களின் சாவைக் குறைத்துப் பேசக்கூடாது. அந்தப் போர் முடியும்போது இப்படையினரில் 80 பேர் மாண்டிருந்தார்கள், 99 பேர் காயப்பட்டிருந்தார்கள் என்பது அவர்களின் கணக்கு. சிறிய படைக்கு அது பெரிய இழப்பு.

இனி மற்றவர். திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒரே குடும்பத்தின் ஆட்கள் இரண்டு திசையாகப் பிரிந்தார்கள். ஒருவர் மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, ரயிலில் மலைக்கு வந்தார். மற்றவர் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' போன்ற கப்பலில் ஏறிப் பினாங்கில் இறங்கினார். மலாயாவுக்குத் தொழிலாளர் போவதை இந்திய அரசு 1938இலும், இலங்கைக்குப் போவதை 1939இலும் நிறுத்தியது. அதன்பின் போனவர் போனவர்தான், இருந்தவர் இருந்தவர்தான். இங்கே லயத்தில் 'மலாயாவுக்குப் போன சின்னத்தாத்தா' என்று ஒருவர் வீட்டுப்பேச்சில் வந்துபோவார் என்றால் அதன் பின்னணி இதுதான்.

அந்தச் சின்னத்தாத்தா 1943க்கு முன் எப்படி வாழ்ந்தார் என்று அறிய 1941இல் கிள்ளான் வட்டாரத்து இறப்பர் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பார்த்தாலே போதும். ஆர். எச். நாதன் முன்னின்ற போராட்டம் அது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடையை மூடுதல், பிள்ளைகளுக்குப் படிப்பு என்ற கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்றார்கள். அரசு துருப்புகளை அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் இறந்தார்கள், நாதன் நாடு கடத்தப்பட்டார். இங்கேயும் கதை தூரத்தில் இல்லை. 1940 ஜனவரியில் கண்டி மாவட்டத்து முல்லோயா தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளியைப் பொலிஸ் சுட்டுக்கொன்றது.

சைக்கிளை விட்டு இறங்கிப் பழகிய அந்த மனிதரின் கையில்தான் இரண்டு ஆண்டுகளில் ரைபிள் வந்தது. அதற்குள் மலாயா ஜப்பானியர் கைக்குப் போயிருந்தது. 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்து சேர்ந்த சுபாஸ் சந்திர போஸ் இந்திய தேசிய இராணுவத்தைத் திருத்தி அமைத்தார். அதற்கு முன் அது ஜப்பானியரிடம் பிடிபட்ட இந்திய இராணுவத்தினரைக் கொண்ட படை. போஸ் பொதுமக்களுக்கும் கதவைத் திறந்தார். ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர், அவர்களில் மிகப் பலர் தோட்டத்தவர். ஏன் சேர்ந்தார்கள் என்றால் ஒரே விடை கிடையாது. தேசப்பற்று உண்டு, போஸின் பேச்சு உண்டு. சோற்றுக்கும் உடுப்புக்கும் பஞ்சம் வந்த காலம் என்பதும் உண்டு. சயாம் மரண ரயில்பாதைக்கு ஆள் பிடித்த ஜப்பானியரிடமிருந்து தப்பப் படையே பாதுகாப்பான இடம் என்ற கணக்கும் இருந்தது. இதைச் சொன்னால் தியாகத்துக்கு மாசு வந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உயிரோடு இருக்க நினைப்பது மனித இயல்பு. தோட்டத்துரைமாரும் நாட்டுக்காக மட்டுமா கப்பல் ஏறினார்கள்? மழைக்காலத்துப் பங்களாவின் சலிப்பும் அதில் இருந்திருக்கும்.

முகாமில் கட்டளைகள் இந்துஸ்தானியில். அந்த மொழியை இலத்தீன் எழுத்தில் எழுதிக் கற்றுக்கொடுத்தார்கள். தமிழ் எழுத்தே சரியாகத் தெரியாத பால்வெட்டுத் தொழிலாளி, தெரியாத எழுத்தில் தெரியாத மொழியைப் படித்து, வலது இடது திரும்பினார். ஆனால் வரிசையில் நிற்பதில் அவருக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்துத்தான் வளர்ந்தவர். இப்போது பெயர் கூப்பிட்டவர் அவரைத் தோழர் என்றார். கூலி என்ற சொல்லைக் கழற்றிப் போட அந்த உடுப்புதான் அவருக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. பெண்களுக்கும் அப்படியே. 1943 ஒக்டோபரில் சிங்கப்பூரில் தொடங்கிய ஜான்சி ராணிப் படையணியில் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ரைபிள் பயின்றவர்களில் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் ஏராளம்.

ஆக, துரை ஒரு படி இறங்கிச் சிப்பாயானார், தொழிலாளி ஒரு படி ஏறிச் சிப்பாயானார். துரைக்கு அந்தப் படி அதிகாரியாவதற்கான நடைபாதை. தொழிலாளிக்கு அதுவே உச்சம். போர் முடிந்தால் மறுபடி பால்வாளி.

போர்க்களத்தில் என்ன நடந்தது? 1945 பெப்ரவரியில் நடுப் பர்மாவில், ஐராவதி ஆற்றங்கரையில் பாகான், நியாவுங்கு பகுதியை குர்பக்ஷ் சிங் தில்லோனின் படையணி காத்து நின்றது. மலாயாவில் சேர்ந்த தமிழர் பலர் அதில் இருந்தார்கள். பயிற்சி குறைவு, பீரங்கி இல்லை, விமானப் பாதுகாப்பு இல்லை. எதிரே ஆற்றைக் கடந்து வந்தது பிரித்தானியத் தளபதி ஸ்லிம்மின் 14ஆம் படையைச் சேர்ந்த 7ஆம் இந்தியப் படைப்பிரிவு. அந்தப் படைக்கு மேலாணை தந்த தென்கிழக்கு ஆசியத் தலைமையகம் எங்கே இருந்தது தெரியுமா? 1944 ஏப்ரல் முதல் பேராதனைப் பூங்காவில், நாவலப்பிட்டியிலிருந்து ரயிலில் சிறிது நேரப் பயணத்தில். பூங்காவின் மரங்களுக்கிடையே தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டனின் அலுவலகக் கொட்டகைகள். அவற்றில் விரிந்த வரைபடங்களில் அந்தச் சின்னத்தாத்தா நின்ற ஆற்றங்கரை எதிரி நிலையாகக் குறிக்கப்பட்டிருக்கும். இங்கிருந்த அவருடைய அண்ணன் மக்களும் போருக்குத்தான் உழைத்தார்கள். மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதால் நேச நாடுகளின் இறப்பர் தேவை இலங்கையின் தலையில் விழுந்தது. மரம் செத்தாலும் பரவாயில்லை, பால் வந்தால் போதும் என்று பட்டையை வெட்டித்தள்ளினார்கள். ஒரே குடும்பத்தின் ஒரு கிளை நேச நாடுகளின் லொறிகளுக்கு டயர் கொடுத்தது, இன்னொரு கிளை அந்த லொறிகளை நோக்கிச் சுட்டது.

இனி ஏடுகளுக்கு வருவோம். ஒப்பீட்டின் கனம் இங்கேதான் இருக்கிறது.

துரைச் சிப்பாயைத் தேட நினைக்கும் பேரனுக்கு வழிகள் பல. முதலாம் போரின் பிரித்தானியப் பதக்கங்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். வட்டப் பதக்கங்களின் விளிம்பிலும் 1914-15 நட்சத்திரப் பதக்கத்தின் பின்புறத்திலும் பெற்றவரின் இலக்கம், தரம், பெயர், படைப்பிரிவு எல்லாம் சிறிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். வீடு விற்றுப் பதக்கம் பழைய சாமான் கடைக்குப் போனாலும் பெயர் அதோடு போகும். பதக்கப் பதிவேடு, படைப்பிரிவின் நாட்குறிப்பு, அதிகாரியானால் அரசிதழ் அறிவிப்பு, இறந்தால் போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவு, கல்லில் பெயர். 1940இல் லண்டனில் விழுந்த குண்டில் முதலாம் போர்ச் சிப்பாய்களின் பணிக்கோப்புகளில் பாதிக்கு மேல் எரிந்தன. எரிந்த பிறகும் இவ்வளவு மிச்சம்.

அதே பேரரசுக்காக, அதே போரில் செத்த இந்தியச் சிப்பாய்க்கு இந்தக் கவனிப்பு இல்லை என்பதை இடையில் சொல்லியாக வேண்டும். மெசபொத்தேமியாவில் மாண்டவர்களுக்காக எழுப்பிய பஸ்ரா நினைவுச்சின்னத்தில் பிரித்தானியருக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் இருந்தது. இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையாய் நின்றார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் இன்றும் ஒரு கல் உண்டு. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்லும் கல். ஆக, பெயரை விழுங்கும் பழக்கம் எதிர்த்து நின்றவர்களோடு தொடங்கவில்லை. கூட நின்றவர்களிடமே தொடங்கிவிட்டது. 2021இல் போர்க்கல்லறை ஆணையமே ஓர் அறிக்கையில் இந்த ஏற்றத்தாழ்வை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

தேசிய இராணுவத்துத் தமிழருக்கு எண்ணிக்கைக் கல்கூட நிலைக்கவில்லை. அந்த இராணுவத்தில் இறந்தவர்களுக்காகச் சிங்கப்பூர்க் கடற்கரையில் எழுந்த நினைவுச்சின்னத்துக்குப் போஸ் 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டினார். செப்டெம்பரில் திரும்பி வந்த பிரித்தானியர் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். உத்தரவு மவுண்ட்பேட்டனுடையது, அப்போதும் அவருடைய தலைமையகம் பேராதனையில்தான் இருந்தது. தேசிய இராணுவத்தின் சொந்த ஏடுகளில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து பின்வாங்கும்போதே அழிக்கப்பட்டது. 1945 மேயில், ரங்கூனில் ஒழுங்கைக் காக்க விடப்பட்ட ஆயிரக்கணக்கான வீரர்களோடு சரணடைந்தவர் ஏ. டி. லோகநாதன் என்ற தமிழர். அவருடைய பெயர் வரலாற்றில் இருக்கிறது, அவர் தளபதி என்பதால். பின்வாங்கும் வழியில் ரயில் தாக்கப்பட்டு இறந்த ராணிப் படைப் பெண்கள் இருவரின் பெயர் ஸ்டெல்லா, ஜோசபின் என்று மட்டும் தெரியும். எந்த ஊர், யார் மகள் என்று பெரும்பாலான நூல்கள் எழுதுவதில்லை.

இன்னொரு முரண் எனக்கு நீண்ட நாளாக உறுத்தும். பிடிபட்ட தேசிய இராணுவத்தினரைப் பிரித்தானியர் விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தார்கள். 1945 நவம்பரில் செங்கோட்டையில் மூன்று அதிகாரிகளை நிறுத்தி வழக்கும் நடத்தினார்கள். அந்த அக்கறை முழுவதும் இந்திய இராணுவத்தில் உறுதிமொழி எடுத்துவிட்டுக் கட்சி மாறியவர்கள் மேல். தோட்டத்துத் தொழிலாளி யாருக்கும் உறுதிமொழி கொடுத்தவர் அல்லர். மீற ஒன்றும் இல்லை. அவரைப் பெரும்பாலும் 'வீட்டுக்குப் போ' என்று விட்டுவிட்டார்கள். தண்டனை இல்லை, ஆகவே தண்டனைக்கோப்பும் இல்லை. பின்னால் இந்திய அரசு 1972இல் விடுதலைப் போராளிகளுக்கு ஓய்வூதியம் அறிவித்தபோது தேசிய இராணுவத்தினரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். விண்ணப்பிக்க ஆதாரம் வேண்டும்: சிறைச் சான்று, இல்லையேல் கூடவே இருந்த ஒருவரின் சான்று. பர்மாவில் தன்னோடு நின்றவர் மலேசியாவில் எந்தத் தோட்டத்தில் இருக்கிறார், இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவர் யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவார்? 

இலங்கையில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பின் மலையகத்தமிழர் தம் தகப்பனும் பாட்டனும் இந்த மண்ணில் இருந்ததற்குத் தாள் தேடி அலைந்தார்கள். அந்த அலைச்சலில் மலாயாவில் இருந்த சின்னத்தாத்தாவைப் பற்றிப் பேசினால், உறவு இந்தியாவில், மலாயாவில், பர்மாவில் என்று நீளும். 'நீங்கள் வந்தேறிகள்தானே' என்று கேட்பவருக்கு அது வசதி. போஸின் படையில் இருந்தவர் வேறு. வாயை மூடிக்கொள்வதே புத்தி என்று வீட்டுப் பெரியவர்கள் நினைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. துரைமாருக்கு இந்தச் சங்கடம் கிடையாது. 1949இல் இலங்கை இராணுவம் உருவான ஆண்டில் அவர்களின் படை கலைக்கப்பட்டது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது இங்கிலாந்திலோ அவுஸ்திரேலியாவிலோ இருப்பார்கள். அவர்களைப் பற்றிய தாள்களும் அங்கேதான். நாவலப்பிட்டியில் தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், தாள் இல்லை.

தேட விரும்புகிறவருக்கு முற்றிலும் இருட்டு என்று சொல்லமாட்டேன். இந்தியப் பாதுகாப்பு அமைச்சு 1997இல் தேசிய இராணுவம் பற்றிய 990 கோப்புகளை டில்லி தேசிய ஆவணக்காப்பகத்துக்குக் கொடுத்தது. அ. ரெங்கசாமியின் 'இமையத் தியாகம்' மலாயாத் தமிழரின் அந்த அனுபவத்தை நாவலாக்கியிருக்கிறது. மலேசியாவில் உறவுக் கிளை இருந்தால் முதலில் அங்கே எழுதிக் கேளுங்கள்: தோட்டத்தின் பெயர், எந்த முகாமில் பயிற்சி, எந்த ஆண்டில் திரும்பினார். வீட்டில் சொல்லக் கேட்டதை ஊர்ப்பெயரோடு எழுதி வையுங்கள், பிழை இருந்தாலும் சரி. கோப்போடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். எழுதாமல் விட்டதை எதோடு ஒப்பிடுவது?