மழையும் குளிருமா இருக்கு... வீட்டு நீச்சல் குளத்தை அப்படியே விட்டுடலாமா?

ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் வீட்டு நீச்சல் குளத்தில் இறங்க யாருக்கும் மனசு வராது. அப்புறம் மார்கழிக் குளிர். தை முடியும்வரை குளம் சும்மாவே கிடக்கும். 'யாருமே குளிக்கல, மோட்டார் எதுக்கு ஓடணும்? கரண்ட் பில்லாவது மிச்சமாகும்' என்று பலர் சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

குளிர்காலத்தில் நீச்சல் குளத்தைப் பராமரிப்பது எப்படி என்று இணையத்தில் தேடினால் வரும் வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்கா, கனடாவில் எடுத்தவை. அங்கே தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும் என்பதால் பைப்பை வடித்து, குளத்தை மூடி, மோட்டாரை நிறுத்திவிடுகிறார்கள். உறைகிற குளிரில் பாசியும் கொசுவும் பெருகாது, அதனால் அந்த முறை அங்கே சரி. சென்னை, கோவை, மதுரையில் ஜனவரி மாதமும் பகலில் 28, 30 டிகிரி இருக்கும். பாசிக்கு அது தாராளம். நம்ம ஊரில் வேலையைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது.

மழை விழுந்தால் தண்ணீருக்கு என்ன ஆகிறது?

ஒரு கணக்குப் போடலாம். 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழமுள்ள குளத்தில் சுமார் 22,600 லிட்டர் தண்ணீர் இருக்கும். ஒரே நாளில் 10 செ.மீ. மழை பெய்தால் அதில் கிட்டத்தட்ட 1,850 லிட்டர் நேராக விழும். மட்டம் 4 அங்குலம் ஏறும். குளத்தில் உள்ள மருந்தெல்லாம் அந்த அளவுக்கு நீர்த்துப்போகும். ஆனால் குளோரினை வேகமாகத் தின்பது மழைத் தண்ணீர் இல்லை, அதோடு வரும் இலை, மண், தோட்டத்து உரம், மொட்டை மாடியில் இருந்து வழியும் அழுக்கு இவைதான். மாடித் தண்ணீர் குளத்துப் பக்கம் வராமல் குழாயைத் திருப்பிவிட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

டெஸ்ட் கிட்டில் வாரம் இரண்டு முறையும், பெருமழை விட்ட அன்றும் பாருங்கள். குளோரின் 1 முதல் 3 பிபிஎம், பி.எச். 7.2 முதல் 7.6, காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம் இருக்க வேண்டும். பி.எச்.சை அலட்சியம் செய்பவர்கள் அதிகம். அது 7.5-ல் இருந்தால் போட்ட குளோரினில் பாதி வேலை செய்யும். 8-க்குப் போனால் சுமார் கால் பங்குதான். அதாவது மருந்துக்குக் கொடுத்த காசில் முக்கால்வாசி வீண்.

இந்த அளவு குளத்தில் குளோரினை 1 பிபிஎம் ஏற்ற, 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணை 35 கிராம் போதும். தண்ணீர் பச்சையாகிவிட்டால் 10 பிபிஎம் வரை ஏற்ற வேண்டும். அதற்கு சுமார் 350 கிராம். சுவரையும் தரையையும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, வெயில் சாய்ந்த பிறகு போட்டு, இரவு முழுக்க ஃபில்டரை ஓட்டுங்கள். மறுநாளும் பச்சை போகாவிட்டால் திரும்பவும் செய்ய வேண்டியதுதான். குளோரின் 3 பிபிஎம்முக்கு இறங்கும்வரை யாரும் இறங்கக் கூடாது.

குருணையையும் டிசிசிஏ மாத்திரையையும் ஒரே பக்கெட்டில், ஒரே டப்பாவில் போடவே கூடாது. இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். குளோரினோடு ஆசிட் சேர்ந்தால் விஷ வாயு வரும். மருந்தைத்தான் தண்ணீரில் போட வேண்டும், மருந்து மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. மழைக்காலத்தில் ஈரம் படாத, காற்றோட்டமான இடத்தில் தனித்தனியாக வையுங்கள்.

மோட்டாரை எவ்வளவு நேரம் ஓட்டலாம்?

குளத்துத் தண்ணீர் மொத்தமும் நாளைக்கு ஒரு முறையாவது ஃபில்டருக்குள் போய் வர வேண்டும். மணிக்கு 8,000 லிட்டர் தள்ளும் மோட்டார் என்றால் மேலே சொன்ன குளத்துக்கு மூன்று மணி நேரம் ஆகும். யாரும் குளிக்காத நாட்களில் அதோடு ஒரு மணி நேரம் சேர்த்துக்கொண்டால் போதும். ஃபில்டர் மீட்டரில் அழுத்தம் வழக்கத்தைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ கூடினால் பேக்வாஷ் செய்யுங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் வால்வைத் திருப்ப வேண்டும். மோட்டார் ரூமில் மழைத் தண்ணீர் புகுந்திருந்தால் மெயினை அணைக்காமல் உள்ளே கால் வைக்காதீர்கள்.

'தண்ணியைக் காலி பண்ணிட்டா தொல்லை விட்டுதே?'

இதுதான் பெரிய தவறு. தரையில் தோண்டிக் கட்டிய குளத்தை மழைக்காலத்தில் காலி செய்யக் கூடாது. மழையில் நிலத்தடி நீர் மேலே ஏறி, குளத்தின் தரையைக் கீழிருந்து தள்ளும். உள்ளே இருக்கும் தண்ணீரின் எடைதான் அதை அமுக்கிப் பிடித்திருக்கிறது. அந்த எடையை எடுத்துவிட்டால் டைல்ஸ் பெயரும், காங்கிரீட் விரிசல் விடும். ஃபைபர் குளமாக இருந்தால் தொட்டியே படகு மாதிரி மேலே எழும்பிவிடும். ஏரிக்கரை, கடற்கரை ஓர வீடுகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். மட்டம் ஏறினால் ஸ்கிம்மர் வாயின் பாதி வரை மட்டும் இறக்குங்கள். மிக்ஜாம் புயலின்போது நடந்ததுபோல வெள்ளநீரே குளத்துக்குள் வந்துவிட்டாலும், சாக்கடை கலந்திருக்குமே என்று பதறி உடனே இறைக்காதீர்கள். யாரையும் இறங்க விடாமல் குளோரினை ஏற்றி வையுங்கள். நிலத்தடி நீர் இறங்கிய பிறகு, குளம் கட்டித் தந்தவரைக் கேட்டுக்கொண்டு காலி செய்யலாம். காற்றடைத்த பிளாஸ்டிக் குளத்துக்கு இந்தக் கவலை இல்லை. வடித்து, காயவைத்து, மடித்துவிடலாம்.

கொசுவும் குழந்தைகளும்

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையில் இருந்து பறக்கும் நிலைக்கு வர 7 முதல் 10 நாள் போதும். குளோரினோடு ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரில் புழு பிழைக்காது. ஆனால் குளத்தின் மேல் போட்ட தார்ப்பாயில் தேங்கும் மழைத் தண்ணீர், பேலன்சிங் டேங்க், ஓரத்து வாய்க்கால் எல்லாம் அதற்குத் தோதான இடங்கள். வாரம் ஒரு முறையாவது வடித்துவிடுங்கள். கொசு உற்பத்திக்கு இடம் கொடுத்தால் உள்ளாட்சி அமைப்புகள் அபராதம் போடுவதும் உண்டு.

தார்ப்பாய் போட்டால் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். தளர்ந்த தார்ப்பாய் குழந்தையின் எடையைத் தாங்காது, உள்ளே விழுந்தால் மேலேயும் வர விடாது. பூட்டு போட்ட 4 அடி வேலியும் ஆட்களின் கண்காணிப்பும்தான் வழி. கரையில் நின்று பார்த்தால் அடியில் உள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிகிறதா என்று தினமும் பாருங்கள். தெரியாத தண்ணீரில் விழுந்தவரையும் தெரியாது.

மாசியில் வெயில் ஏறத் தொடங்கியதும் ஒருமுறை சயனூரிக் ஆசிட் அளவைச் சோதித்துவிடுங்கள். வெயிலில் குளோரின் கரைந்துபோகாமல் காப்பது அதுதான். மழையில் நீர்த்து 30 பிபிஎம்முக்குக் கீழே இறங்கியிருந்தால், குழந்தைகளுக்குப் பரீட்சை முடிவதற்குள் 30 முதல் 50-க்குள் கொண்டுவந்துவிடலாம்.