அர்கெந்தீனாவின் களவாடப்பட்ட குழந்தைகளும் மாணவர் குறும்படங்களும்

அர்கெந்தீனாவில் 1976 மார்ச் 24 அன்று இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1983 வரை நீடித்த அவ்வாட்சியில் ஆயிரக்கணக்கானோர் கடத்தப்பட்டுக் காணாமற்போயினர். அவர்களுள் கருவுற்ற பெண்களும் இருந்தனர். பிள்ளை பெறும்வரை இரகசியச் சிறைகளில் உயிருடன் வைக்கப்பட்ட அவர்கள், பின்னர் கொல்லப்பட்டனர். தலைநகர் புவெனஸ் ஐரிஸில் இருந்த கடற்படை இயந்திரவியல் பள்ளி இத்தகைய சிறைகளுள் ஒன்று. குழந்தைகள் பொய்யான பிறப்புச் சான்றிதழ்களுடன் இராணுவத்தினரிடமும் அவர்களுக்கு வேண்டியவர்களிடமும் ஒப்படைக்கப்பட்டனர்.

பாட்டிமாரின் தேடல்

பேரக்குழந்தைகளைத் தேடிய பெண்கள் 1977 இல் 'மே சதுக்கப் பாட்டிமார்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். களவாடப்பட்ட குழந்தைகள் சுமார் 500 பேர் என்பது அவர்களது மதிப்பீடு. பெற்றோர் உயிருடன் இல்லாதபோது உறவை எவ்வாறு மெய்ப்பிப்பது? அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங் உள்ளிட்டோர், தாத்தா பாட்டியின் இரத்த மாதிரிகளைக் கொண்டே உறவை உறுதிசெய்யும் முறையை உருவாக்கினர். 1987 இல் தேசிய மரபணுத் தரவு வங்கி சட்டப்படி அமைக்கப்பட்டது. அமைப்பின் தலைவி எஸ்தெலா தெ கார்லோத்தோ, 36 ஆண்டுகளுக்குப் பின் 2014 இல் தம் பேரனைக் கண்டடைந்தார். இதுவரை 130-க்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டுள்ளனர். குழந்தைகளைத் திட்டமிட்டுக் களவாடிய குற்றத்திற்காக முன்னாள் ஆட்சியாளர் விதேலாவுக்கு 2012 இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

மாணவர் படங்கள்

புவெனஸ் ஐரிஸ் மாகாண நினைவு ஆணையம் 2002 இல் 'இளைஞரும் நினைவும்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் தம் ஊரில் நடந்ததையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்கின்றனர். முதியோரைப் பேட்டி காண்கின்றனர். பழைய ஆவணங்களைத் தேடுகின்றனர். கண்டறிந்தவற்றைக் குறும்படம், நாடகம், சுவரோவியம் என ஏதேனும் ஒரு வடிவில் படைக்கின்றனர். ஆண்டு இறுதியில் சாபத்மலால் கடற்கரையில் கூடி, அவற்றை ஒருவருக்கொருவர் காட்டிவந்துள்ளனர்.

இதனை வெறும் பள்ளிச் செயல்திட்டம் என்று கருதிவிட இயலாது. தேடப்படும் பலருக்குத் தாம் தேடப்படுவதே தெரியாது. தம் பிறப்பைப் பற்றி அவர்களுக்கே ஐயம் எழுந்து, அவர்களே முன்வந்து இரத்தம் கொடுத்தபோதுதான் பல உறவுகள் வெளிப்பட்டன. அன்று களவாடப்பட்ட குழந்தைகள் இன்று ஐம்பது வயதை ஒட்டியவர்கள். பள்ளி மாணவர்களுக்குத் தாயாகவோ தந்தையாகவோ இருக்கும் வயதினர். ஆகவே, மாணவர் எடுக்கும் படம் ஒன்றைப் பார்ப்போர் வரிசையிலேயே தேடப்படும் ஒருவர் அமர்ந்திருக்கக்கூடும். பாட்டிமார் ஒவ்வொருவராக மறைந்துவரும் இக்காலத்தில், அவர்களது கேள்வியை மாணவர்களே ஊர் ஊராகக் கொண்டு செல்கின்றனர்.