ஆறு பாட்டிலும் ஒரு பாட்டிலும்

உள்நாட்டு விமானத்தில் செக்-இன் பெட்டிக்குள் ஐந்து லிட்டர் வரை மது கொண்டுபோகலாம் என்பது பலருக்கும் தெரிந்த விதி. 750 மில்லி பாட்டில் ஆறு வைக்கலாம். ஏழாவதை வைத்தால் 5.25 லிட்டராகிவிடும். இந்தக் கணக்கை வகுத்தது தீயைப் பற்றிய அச்சம். அபாயகரமான பொருள்களை விமானத்தில் ஏற்றுவதற்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த நெறிகளைத்தான் இந்தியாவும் பின்பற்றுகிறது. ஆல்கஹால் 24 சதவீதத்தைத் தாண்டாத பீருக்கும் ஒயினுக்கும் அங்கே உச்சவரம்பு இல்லை. 24க்கு மேல் 70 வரை என்றால் ஐந்து லிட்டர், அதுவும் கடையில் விற்ற நிலையிலேயே உள்ள பாட்டிலில். 70ஐத் தாண்டினால் பெட்டியிலும் இடமில்லை. நம் நாட்டு விஸ்கியும் ரம்மும் பெரும்பாலும் 42.8 சதவீதம், அதனால் அவை நடுவகையில் வருகின்றன. அந்தப் பெட்டி தில்லியில் இறங்குகிறதா, பாட்னாவில் இறங்குகிறதா என்று இந்த விதி கேட்பதே இல்லை. கேட்பது கலால் சட்டம். பயணியைச் சிக்கலில் மாட்டிவிடுவதும் அதுதான்.

தில்லியின் கலால் சட்டம் அங்கே பயணிகள் விமானம் வருவதற்கு முன்பே பிறந்தது. 1912இல் பஞ்சாபிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாகாணமான தில்லிக்கு, 1914ஆம் ஆண்டின் பஞ்சாப் கலால் சட்டமே நீட்டிக்கப்பட்டது. மாகாண எல்லையைத் தாண்டி வரும் மதுவை அது வெளிநாட்டுச் சரக்கைப் போலவே இறக்குமதியாகப் பார்த்தது. அனுமதிச்சீட்டும் தீர்வையும் கேட்டது. சரக்கு சாலையிலோ ரயிலிலோதான் வரும், வழியில் அதை நிறுத்திப் பார்க்க முடியும் என்ற காலத்தின் ஏற்பாடு இது. பின்னாளில் சஃப்தர்ஜங் என்று பெயர் பெற்ற வில்லிங்டன் விமானத் திடலுக்கு 1929இன் கடைசியில் கராச்சியிலிருந்து விமான சேவை நீண்டது. விமானத்தில் வந்தவர்கள் மிகச் சிலர். அவர்களுக்காகச் சட்டத்தைத் திருத்த யாரும் நினைக்கவில்லை. 1950இல் வந்த அரசியலமைப்போ மதுவை வைத்திருப்பது, கொண்டுசெல்வது, வாங்குவது, விற்பது எல்லாவற்றையும் மாநிலப் பட்டியலில் எட்டாவது இனமாக எழுதி, பழைய எல்லைக்கோட்டை உறுதியாக்கியது. தில்லி 2009இல் தனக்கென ஒரு கலால் சட்டம் இயற்றியபோதும் எல்லைக்கோடு அப்படியே இருந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து மாநில எல்லைகளில் இருந்த வரிச் சோதனைச்சாவடிகள் அகற்றப்பட்டன. குடிப்பதற்கான மதுவையோ ஜிஎஸ்டிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

பயண விதியும் கலால் சட்டமும் நேருக்கு நேர் மோதியது விமானத்தில் அல்ல, மெட்ரோ ரயிலில். விமான நிலையத்துக்குப் போகும் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் தடத்தில் மட்டும் ஒருவர் சீல் உடைக்காத இரண்டு பாட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. 2023 ஜூன் கடைசியில் அந்தச் சலுகையை தில்லி மெட்ரோ எல்லாத் தடங்களுக்கும் விரித்தது. நொய்டா உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது, குருகிராம் ஹரியானாவில். பிற மாநிலத்திலிருந்து விஸ்கி, ரம், வோட்கா போன்றவற்றில் ஒரு பாட்டில்தான் தில்லிக்குள் கொண்டுவரலாம் என்று கலால் துறை உடனே ஆட்சேபித்தது. ஆனால் அதே தில்லியில் 25 வயது தாண்டிய ஒருவர் வீட்டில் ஒன்பது லிட்டர், அதாவது பன்னிரண்டு பாட்டில் வைத்திருக்கலாம். ஒரு கூட்டுக்குடும்ப வீட்டில் 132 பாட்டில்கள் பிடிபட்ட வழக்கை, அங்கே 25 வயதைக் கடந்தவர்கள் ஆறு பேர் இருந்ததை எண்ணிப் பார்த்து, தில்லி உயர் நீதிமன்றம் 2022இல் ரத்து செய்தது. ஆக, வீட்டில் பன்னிரண்டு, விமானத்தில் ஆறு, மெட்ரோவில் இரண்டு, எல்லை தாண்டினால் ஒன்று. விமான நிறுவனம் ஆறுக்குத் தலையசைத்ததை நம்பி வந்து இறங்குகிறவர், தன்னை அறியாமலே சட்டத்தை மீறியவராகிறார். குடிமகன் தெரிந்துகொள்ள வழியில்லாத சட்டத்தைக் கொண்டு அவனைத் தண்டிப்பது நியாயமில்லை என்பதே என் வாதம்.

குடிப்பவரின் வசதிக்காக ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். விதி தெளிவாக இல்லாத இடத்தில் பயணியின் கதி, சோதனை செய்பவரின் மனம்போல ஆகிவிடுகிறது. மாமூல் வளர்வதும் அங்கேதான். பயணிக்கான அளவைத் தளர்த்தினால் மாநிலத்தின் வருவாய் போய்விடும் என்ற வாதத்துக்கு வலு உண்டு. தில்லி எல்லையில் மது எப்போதும் விலையையும் தடையையும் பார்த்தே ஓடியிருக்கிறது. 1996 ஜூலை முதல் 1998 மார்ச் வரை முதல்வர் பன்சிலால் ஹரியானாவில் மதுவிலக்கை நடத்தியபோது தில்லிச் சரக்கு அங்கே கசிந்தது. பிறகு குருகிராமின் விலை மலிவு ஓட்டத்தை எதிர்த்திசைக்குத் திருப்பியது. ஆனால் அந்த ஓட்டத்துக்கு லாரியும் காரும் போதும். விமான டிக்கெட் எடுத்து இரண்டு பாட்டிலைக் கடத்துகிறவருக்கு லாபம் ஏது?

இதைவிடக் கனமானது மதுவிலக்கு பற்றிய ஆட்சேபம். 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய முயற்சியை அறிந்த நமக்கு, அதன் பின்னால் இருந்த ஏழை வீட்டுப் பெண்களின் துயரம் புரியாததல்ல. பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தின் பெரும்பகுதியை உச்ச நீதிமன்றம் 1951லேயே பால்சாரா வழக்கில் ஏற்றுக்கொண்டது. குஜராத்துக்கும் பிகாருக்கும் அந்த அதிகாரம் இருக்கவே வேண்டும். பிகார் அதை எவ்வளவு கடுமையாகச் செலுத்துகிறது என்பதற்கு 2019இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒன்றே போதும். ஜார்க்கண்டிலிருந்து பாட்னாவுக்குக் காரில் போனவர்களை எல்லைச் சாவடியில் ஊதச் சொல்லி, மது அருந்தியிருப்பதாக வழக்குப் போட்டார்கள். வண்டியில் பாட்டில் எதுவும் இல்லை. ஆனாலும் வழக்கை ரத்து செய்ய நீதிமன்றம் மறுத்துவிட்டது. இத்தனை கடுமை காத்திருக்கும் ஊருக்குப் பறக்கிறவரிடம் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டாமா? மதுவிலக்கு இல்லாத மாநிலங்கள் சீல் உடைக்காத இரண்டு பாட்டில் என்று ஒரே பயண அளவுக்கு உடன்படலாம். மதுவிலக்கு மாநிலங்கள் தங்கள் தடையை அப்படியே வைத்துக்கொள்ளட்டும். எங்கே போனாலும், பெட்டியை எடை போடும் கவுன்ட்டரில் ஐந்து லிட்டர் விதிக்குப் பக்கத்திலேயே, போய் இறங்கும் மாநிலத்தின் அளவையும் எழுதி வைக்க வேண்டும்.