வசுந்தரா தேவி

1940களின் தமிழ்த் திரைப்படங்களில் நாயகியாக நடித்தவர் வசுந்தரா தேவி. நடிகை வைஜயந்திமாலாவின் தாய். நடித்த படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் ‘மங்கம்மா சபதம்’ ஒன்றே அவர் பெயரை நிலைநிறுத்தியது.

மைசூர் ஐயங்கார் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தாயார் யதுகிரி தேவி. கணவர் எம்.டி. ராமன். வசுந்தரா கர்நாடக இசை கற்றவர். திரைக்கு வருமுன்பே மகள் பிறந்துவிட்டாள். வத்திக்கானில் போப் பன்னிரண்டாம் பயஸ் முன்னிலையில் சிறுமி வைஜயந்திமாலா நடனமாடியபோது தாயும் உடனிருந்தார்.

ஓசூர் எல்லைக்கு அப்பாலுள்ள கன்னட நாட்டிலிருந்து சென்னைக்கு வந்து தமிழ்த் திரையில் பெயர் பெற்ற நடிகையர் பலர். எம்.வி. ராஜம்மா, பண்டரிபாய், சந்தியா, பி. சரோஜாதேவி என்று அந்த வரிசை நீளும். அதன் தொடக்கத்தில் நிற்பவர்களுள் வசுந்தராவும் ஒருவர்.

முதல் படம் தமிழ்நாடு டாக்கீஸ் எஸ். சௌந்தரராஜனின் ‘ரிஷ்யசிருங்கர்’ (1941). பெண்ணையே பார்த்தறியாத முனிவரை மயக்கி நாட்டுக்கு அழைத்துவரும் கணிகையின் வேடம் அவருக்கு. முனிவராக நடித்தவர் ரஞ்சன். இந்த ஜோடியையே அடுத்து ஜெமினி ஸ்டூடியோ எஸ்.எஸ். வாசனும் தம் படத்துக்குத் தேர்ந்தெடுத்தார்.

ஆச்சார்யா இயக்கிய ‘மங்கம்மா சபதம்’ 1943இல் வெளிவந்தது. உழவர் வீட்டுப் பெண் மங்கம்மா. அவளை மணந்து, சேர்ந்து வாழாமல் சிறைவைத்து வாட்டுவேன் என்கிறான் இளவரசன். உனக்கே ஒரு மகனைப் பெற்று, அவன் கையாலேயே உன்னைச் சவுக்கால் அடிக்கவைப்பேன் என்று பதிலுக்கு அவள் சபதமிடுகிறாள். மணம் முடிந்து அடைபட்டவள் ரகசியமாக வெளியேறி, கழைக்கூத்தாடிப் பெண்ணாக வேடமிட்டுக் கணவனையே மயக்கி, சொன்னதை முடிக்கிறாள். தந்தை, மகன் இருவராகவும் ரஞ்சனே நடித்தார். இரட்டை வேடம் அவருக்கு என்றாலும் படத்தைத் தூக்கி நிறுத்தியவர் வசுந்தராதான்: ஆட்டம், பாட்டு, குறும்பு, பிடிவாதம் நான்கும் ஒரே பாத்திரத்தில் கூடிவருவது அரிது. கணவனின் கொடுமையை அழுது பொறுக்கும் பத்தினிகளே நிறைந்திருந்த திரையில், சூழ்ச்சியால் அவனை வெல்லும் பெண்ணாக வந்ததும் அவரது கவர்ச்சிக்கு ஒரு காரணம். போர்க்காலம் அது. பிலிம் தட்டுப்பாட்டால் படத்தின் நீளம் 11,000 அடிக்குள் இருக்கவேண்டும் என்று அரசு கட்டுப்படுத்தியிருந்தது. அந்த நாட்களில் ஜெமினிக்குக் கிடைத்த பெரிய வெற்றிகளில் இதுவும் ஒன்று. கதை பின்னர் ‘மங்களா’ என்ற பெயரில் இந்தியிலும் தெலுங்கிலும் படமானது. அங்கே மங்கம்மாவின் இடத்தில் பி. பானுமதி நடித்தார்.

இத்தனை வெற்றிக்குப் பிறகு படங்கள் வரிசைகட்டி வந்திருக்க வேண்டும், வரவில்லை. ‘உதயணன் வாசவதத்தா’ அடுத்து வந்தது. உதயணனாக நடிக்கவிருந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் 1944இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானதால், அந்த வேடம் ஜி.என். பாலசுப்பிரமணியத்துக்குப் போனது. பாட்டில் குறையில்லை. மங்கம்மாவின் துள்ளலுக்குத்தான் அக்கதையில் இடமில்லை. 1949இல் வெளிவந்த ‘நாட்டிய ராணி’யோடு வசுந்தராவின் நாயகிப் பருவம் முடிந்தது.

அதே ஆண்டு ஏவி.எம்.மின் ‘வாழ்க்கை’யில் வைஜயந்திமாலா அறிமுகமானார். விரைவிலேயே இந்தித் திரையுலகின் முன்னணி நட்சத்திரமான மகளின் பெயரைச் சொல்லியே பிறகு தாயை அடையாளம் காட்டினார்கள். நியாயமான அடையாளம் அல்ல. மங்கம்மாவைப் பார்த்த தலைமுறைக்கு அது தேவைப்பட்டதும் இல்லை.

நீண்ட இடைவெளிக்குப் பின் வாசன் அவரை மீண்டும் அழைத்தார். ஆலைத் தொழிலாளர் போராட்டத்தைச் சொல்லும் ‘பைகாம்’ (1959) என்ற இந்திப் படத்திலும், அதே கதையின் தமிழ் வடிவமான, சிவாஜி கணேசன் நடித்த ‘இரும்புத்திரை’யிலும் (1960) வைஜயந்திமாலாவின் தாயாகவே அவர் நடித்தார்.